எக்ஸ்பி காலத்து பில் சாஃப்ட்வேர், விண்டோஸ் 11-ல பில் காணலை

காரைக்குடியில இருந்து கேக்குறேன். எங்க ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறை பில் சாஃப்ட்வேரை புது கம்ப்யூட்டர்ல புரோகிராம் ஃபைல்ஸ்ல போட்டேன். என் லாகின்ல அடிச்ச பில், கணக்குப்பிள்ளை லாகின்ல தெரியலை. வேற சாஃப்ட்வேர் வாங்க அப்பச்சி விடமாட்டாக.

பதில்: பில் தொலையலை தம்பி. விஸ்டாவுல இருந்தே (2007) பழைய 32-பிட் நிரல் புரோகிராம் ஃபைல்ஸ்ல எழுதப்போனா, விண்டோஸ் சத்தமில்லாம அதை ஓட்டுற ஆளோட யூசர் ஃபோல்டர்ல ஆப்டேட்டா, அதுக்குள்ள லோக்கல், அதுக்குள்ள விர்ச்சுவல்ஸ்டோர்ங்கிற ஃபோல்டருக்குத் திருப்பிவிட்டுரும். ஆளுக்கொரு நகல்.

பதில்: சாஃப்ட்வேரை அட்மினா (ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்) ஓட்டச் சொல்வாங்க, கேக்காதீங்க. அது அசல் ஃபோல்டர்ல எழுதி மூணாவதா ஒரு பில் நகல் முளைக்கும். ரெண்டு நகலையும் பென்டிரைவ்ல எடுத்துட்டு, சி டிரைவ்ல தனி ஃபோல்டர்ல நிறுவுங்க. அந்த ஃபோல்டரோட பிராப்பர்ட்டீஸ்ல செக்யூரிட்டி டேப்ல யூசர்ஸுக்கு மாடிஃபை (மாத்தி எழுதுற) அனுமதி குடுங்க.

கேட்டவர்: கண்டனூர் வீட்டு பில்லும் கெடைச்சிருச்சு! ஆனா ரெண்டு பேரும் ஒரே நம்பர்ல அடிச்சிருக்கோமே?

பதில்: ஒண்ணு மேல ஒண்ணு காப்பி பண்ணிராதீங்க. பில் குறைச்சலா இருக்கிற நகல்ல உள்ளதை இன்னொண்ணுல கையால ஏத்துங்க.