ஏரா வளைந்துவிட்டது: ஒட்டிய பலகைகளைப் பிரிப்பதா, அப்படியே தொடர்வதா?

முதல்கப்பல்:

இது நான் கட்டும் முதல் மாதிரிக் கப்பல்: பழைய பிரிட்டிஷ் கப்பலான பவுண்டி, 1:64 அளவு. உடல் மட்டும் ஏறத்தாழ 43 சென்டிமீட்டர். முதல் முயற்சிக்கு ஒற்றைப் பாய்மரம் போதும் என்று அனுபவசாலிகள் எழுதியதையெல்லாம் படித்துவிட்டுத்தான் மூன்று பாய்மரத்தை எடுத்தேன். ஆகவே அந்த அறிவுரையை மட்டும் மறுபடி தர வேண்டாம்.

பெட்டியில் ஏராவாக, அதாவது கப்பலின் முதுகெலும்பான அடிக்கட்டையாக, வந்தது 5 மி.மீ. ஒட்டுப்பலகை. அதன் காடிகளில் 12 குறுக்குச் சட்டங்களைச் செருகி, மூலைமட்டம் வைத்து ஒட்டினேன். அதுவரை எல்லாம் நேராகவே இருந்தது. பிறகு முதல் அடுக்குப் பலகைகள். ஒரு பக்கத்தில் கை பழகட்டும், அப்புறம் மறுபக்கம் போகலாம் என்று வலப்பக்கத்திலேயே ஏழு பலகைகளை ஒட்டிவிட்டேன். நேற்றுக் காலை, தச்சர் சட்டத்தைப் பார்ப்பதுபோல் ஒரு கண்ணை மூடிக்கொண்டு அணியத்திலிருந்து, அதாவது முன்முனையிலிருந்து, பின்பக்கமாகப் பார்த்தேன். ஏரா வில்லாகியிருந்தது. அணியம் வலப்பக்கம் திரும்பியிருக்கிறது. அடிவிளிம்பில் எஃகு அளவுகோலை வைத்தால் நடுவில் 3 மி.மீ. இடைவெளி.

பலகைகள் இரவு முழுவதும் தண்ணீரில் ஊறியவை. காயும்போது சுருங்கி இழுத்துவிட்டனவா? மேல்தளத்தை இன்னும் ஒட்டவில்லை. உள்ளே கைவிட வசதியாக இருக்கட்டும் என்று விட்டுவைத்தேன்.

இன்னொரு தொல்லை: அணியத்தில் ஒரு பலகையின் விளிம்பின் மேல் அடுத்தது ஏறுகிறது. ஐந்தாவதிலிருந்து மீன் செதில் போல் நிற்கின்றன. ஆணியடித்து அமுக்கியும் அடங்கவில்லை. படம் இணைத்திருக்கிறேன்.

பிரிக்கச் சொல்லப்போகிறவர்கள் கொஞ்சம் இதமாகச் சொல்லுங்கள்.

கோந்துக்கை:

தொடருங்கள். இரண்டடுக்குப் பலகை போடும் கப்பலில் முதல் அடுக்கு யார் கண்ணிலும் படப்போவதில்லை. மேடுபள்ளத்தை மரத்தூளும் பசையும் குழைத்து அடைத்துத் தேய்த்துவிட்டு, மேலே மெல்லிய வால்நட் பலகையை ஒட்டினால் எல்லாம் மறைந்துவிடும். மறுபக்கம் ஏழு பலகை ஏறியதும் அது தன் பங்குக்கு இழுத்து நேராக்கும். நானும் அப்படித்தான் செய்தேன். கப்பல் கண்ணாடிப் பெட்டிக்குள் போன பிறகு யாரும் அளவுகோல் எடுத்துக்கொண்டு வரவில்லை.

மரத்தூள்:

மேடுபள்ளம் மறையும் என்பதில் கோந்துக்கையோடு எனக்குச் சண்டை இல்லை. கோணல் மறையாது. வலப்பக்கம் ஏழு பலகை காய்ந்து இறுகிவிட்ட உடலை, இடப்பக்கம் ஒட்டும் ஏழு பலகை நேராக்காது. வளைந்த நிலையிலேயே பூட்டிவிடும். பிரியுங்கள். இதைவிட இதமாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

சுருக்கத்தின் மேல் பழி போடாதீர்கள். மரம் காயும்போது நீளவாக்கில் சுருங்குவது மிகச் சொற்பம், அகலத்தில்தான் சுருங்கும். ஊறிய பலகையை ஈரத்தோடு ஒட்டினால் பலகைக்கும் பலகைக்கும் நடுவே இடுக்கு விழும், அவ்வளவுதான். ஏராவை வளைத்தது பலகையின் விறைப்பு. பவுண்டி முதலில் 1784-இல் 'பெத்தியா' என்ற பெயரில் சரக்கு ஏற்றுவதற்காகக் கட்டப்பட்ட கப்பல், அதனால் மூக்கு உருண்டை. அந்த உருண்டையைச் சுற்றி வளைத்த பலகை ஒவ்வொன்றும் நிமிரப் பார்க்கிறது. நிமிரும்போது அணியத்தைத் தன் பக்கம் இழுக்கிறது. எதிர்ப்பக்கத்தில் இழுக்க ஆள் இல்லை. ஒட்டியிருந்தால் தட்டையாக நின்று தடுத்திருக்கக்கூடிய மேல்தளமும் இல்லை. என்னைக் கேட்டால் ஏழு பலகையைவிடப் பெரிய பிழை அந்தத் தளத்தை விட்டுவைத்ததுதான்.

பிரிப்பது நீங்கள் பயப்படுகிற அளவுக்குக் கொடுமை இல்லை. வெள்ளைப் பசையாக இருந்தால் ஐசோபுரொபைல் ஆல்கஹாலைத் தூரிகையால் இணைப்புகளில் தடவிக் கால் மணி நேரம் விடுங்கள். பசை ரப்பர்போல் இளகும். மெல்லிய கத்தியைச் செருகி ஒவ்வொரு சட்டமாக நெம்புங்கள். சன்னல் திறந்திருக்கட்டும், பக்கத்தில் நெருப்பு வேண்டாம். சூப்பர் குளூ என்றால் அசிட்டோன்.

பிறகு ஏராவை நேரான இரண்டு கட்டைகளுக்கு நடுவே தட்டையான பலகைமேல் இறுக்கி நிறுத்துங்கள். இப்போது உட்பக்கம் குழிந்திருப்பது வலப்பக்கம். அங்கே சட்டத்துக்கும் சட்டத்துக்கும் நடுவே ஒரு மயிரிழை கூடுதலாக வெட்டிய கட்டைகளைத் திணித்து ஒட்டினால் அவை சட்டங்களை விரித்து ஏராவை நிமிர்த்தும். இடப்பக்கம் சரியான அளவில் வெட்டிய கட்டைகள். முட்டுக்கட்டை போடுவது நல்ல காரியமாக இருப்பது இந்த ஒரு தொழிலில்தான். நேராகிவிட்டது என்று உறுதியானதும் முதல் வேலை மேல்தளத்தை ஒட்டுவது. அதன் பிறகு வலம் ஒன்று, இடம் ஒன்று.

செதில் விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். முதல் மூன்று சட்டங்களின் விளிம்பில் லேசர் வெட்டிய கருகல் அப்படியே இருக்கிறது. நீங்கள் அவற்றைச் சரிவாகத் தேய்க்கவே இல்லை. பலகை சட்டத்தின் முழுப் பருமனிலும் படியாமல் ஒரு கூரான முனையில் நிற்கிறது. ஆணி என்ன செய்யும்? அணியத்துச் சட்டங்களில் பின்விளிம்பில் மட்டும் மெல்லிய கருங்கோடு மிஞ்சும்வரை தேய்க்க வேண்டும். ஒட்டாத பலகை ஒன்றை வளைத்து வைத்துப் பார்த்துக்கொண்டே தேய்த்தால் எங்கே நிறுத்துவது என்று அதுவே காட்டும்.

அதோடு பலகையின் அகலத்தை எங்கும் குறைக்காமல் அப்படியே ஒட்டியிருக்கிறீர்கள். நடுச் சட்டத்தில் தளத்திலிருந்து ஏராவரை ஒரு காகிதக் கீற்றைச் சுற்றி அளந்து பாருங்கள். 95 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம், 5 மி.மீ. பலகையென்றால் 19 வரிசை. அதே 19 வரிசையும் அணியத்துச் சட்டத்தில் 57 மி.மீட்டருக்குள் அடங்க வேண்டுமென்றால் அங்கே ஒரு பலகைக்கு 3 மி.மீ.தான் இடம். 5 மி.மீட்டரை அங்கே கொண்டுபோனால் அடுத்தவன் தோளில் ஏறாமல் என்ன செய்யும்? ஒவ்வொரு சட்டத்திலும் இப்படி வகுத்துப் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். பலகையின் முனை பாதி அகலத்துக்குக் கீழே போகக் கூடாது. போனால் ஒரு வரிசையை நடுவில் நிறுத்திவிட வேண்டும். பின்பக்கம் கதை தலைகீழ்: இடம் அதிகமாகி இடைவெளி விழும். அங்கே ஆப்பு வடிவத் துண்டுகளைச் செருகுவார்கள். பெட்டியோடு வரும் குறிப்பேடுகள் இதையெல்லாம் 'பலகைகளை ஒட்டவும்' என்று ஒரே வரியில் முடித்துவிடுகின்றன.

இரவு முழுவதும் ஊறவைப்பதும் வேண்டாம். இந்தப் பருமனுக்கு வெந்நீரில் இருபது நிமிடம் போதும். அணியத்தில் பொருத்திக் கிளிப் போட்டுக் காயவிட்டு, வளைவு நின்ற பிறகு எடுத்து ஒட்டுங்கள்.

கயிறும்முடிச்சும்:

கோணல் எங்கே போய்ப் பழி வாங்கும் என்று நான் சொல்கிறேன், பட்டவன். பாய்மரத்தின் அடி ஏராவில்தான் இறங்குகிறது. அது வளைந்திருந்தால் முன்மரமும் பின்மரமும் ஒரு பக்கம், நடுமரம் மறுபக்கம். என் கப்பலில், பாய்மரத்தை இருபுறமும் இழுத்துப் பிடிக்கும் பக்கக் கயிறுகளைக் கட்டும்போதுதான் தெரிந்தது: வலமும் இடமும் ஒரே நீளத்தில் வெட்டிய கயிறுகள், ஒன்று தொய்கிறது, மற்றது எட்டவில்லை. அவற்றுக்குக் குறுக்கே ஏணிக்கயிறுகளை முடிச்சு முடிச்சாகக் கட்டி முடித்த பிறகு பார்த்தால் இரண்டு பக்கமும் இரண்டு சாய்வு. அந்தக் கட்டத்தில் பிரிப்பதற்கு எனக்குத் தெம்பு இல்லை. அலமாரியில் இடப்பக்கத்தைச் சுவரை நோக்கி வைத்திருக்கிறேன்.

முதல்கப்பல்:

ஒன்பது நாள் கழித்து வருகிறேன். பிரித்துவிட்டேன். ஏழில் இரண்டு பலகை உடைந்தன, ஐந்து பிழைத்தன. முட்டுக்கட்டைகளைத் திணித்து இரண்டு நாள் இறுக்கி வைத்ததில் 3 மி.மீ. அரை மி.மீட்டராகக் குறைந்தது. தளத்தையும் ஒட்டிவிட்டேன்.

கருகல் விஷயத்தில் வெட்கமாகத்தான் இருக்கிறது. அந்தக் கறுப்பு, அளவுக்காகப் போட்ட கோடு, தொடக் கூடாது என்று நினைத்துக் கவனமாகக் காப்பாற்றி வந்தேன்.

காகிதக் கீற்றில் நடுச் சட்டம் 90, அணியம் 50. 18 வரிசை, முனையில் 2.8 மி.மீ. வருகிறது. பாதிக்கு மேல்தான், ஆனால் மயிரிழையில். இப்போது பக்கத்துக்கு நான்கு பலகை ஏறியிருக்கிறது. ஒன்றும் தோளில் ஏறவில்லை.

கோந்துக்கைக்கு ஒரு கேள்வி: பிரிட்டிஷ் கடற்படை 1787-இல் இந்தக் கப்பலை வாங்கியபோது அடிப்பகுதிக்குச் செப்புத் தகடு போர்த்தியது. நானும் போர்த்தப்போகிறேன். அப்படியென்றால் நீர்மட்டத்துக்குக் கீழே இரண்டாம் அடுக்குப் பலகையே தேவையில்லையே?

கோந்துக்கை:

தேவையில்லை என்றுதான் நானும் விட்டேன். செம்பு மூடிவிடும்.

மரத்தூள்:

செம்பு மூடாது, காட்டிக்கொடுக்கும். பின்னால் பசை தடவிய அந்தத் தகடு காகிதம் போன்றது. அடியில் உப்புத்தாளின் ஒரு மணல் இருந்தாலும் மேலே பரு தெரியும். இரண்டாம் அடுக்கை விட்டுவிடலாம், ஆனால் முதல் அடுக்கைக் கண்ணாடிபோல் தேய்த்து, துளை அடைக்கும் பூச்சு கொடுத்த பிறகு. இரவில் விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சை உடலோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள். மேடெல்லாம் நிழல் விழுத்தும்.

முதல்கப்பல்:

இப்போதே பிடித்துப் பார்த்தேன். இடப்பக்கம் மூன்றாவது பலகை, ஐந்தாம் சட்டத்தின் மேல். பகலில் விரலுக்குக்கூடத் தட்டுப்படாத மேடு, நகத்தளவு நிழலோடு நிற்கிறது. உப்புத்தாளைத் தேடுகிறேன்.