மடக்குற டான்ஸ் பேட்ல (அம்பு போட்ட, காலால மிதிச்சு ஆடுற கேம் விரிப்பு) இடது அம்பும் வலது அம்பும் சேர்ந்து விழுமா (கேம்ல பதியுமா), விழாதா?

மஸ்கெலியா மச்சான்:
"மடக்குற பேட்ல இடது வலது ரெண்டையும் சேர்த்து மிதிச்சா விழாது, இரும்பு பேட் வாங்க வக்கில்லாதவன் ஆடவே கூடாது"ன்னு நேத்து இங்க ஒரு அண்ணன் எழுதியிருந்தார். வாசிச்சதுல இருந்து மனசு ஆறல. எங்க காம்பராவுல கட்டிலை நிமிர்த்தி வச்சாத்தான் ஆடவே இடம். முடிஞ்சதும் சுருட்டி அலுமாரி மேல போடணும். இரும்பு பேட்டை அடுப்படியிலயா வைக்கிறது? மூணு வருசமா மடக்குறதுலதான் ஆடுறேன். ரெண்டு காலும் சேர்த்துக் குதிச்சா விழுது.

பண்டாரவளை ராஜா:
எழுதினது நான்தான். விழாது.

மஸ்கெலியா மச்சான்:
எதுல பார்த்தீங்க அண்ணே? பிளேஸ்டேஷன் 2 பேட்டை அடாப்டர் வச்சு கொம்பியூட்டர்ல குத்தியிருப்பீங்க. கோளாறு அடாப்டர்ல. சில அடாப்டர் அம்புகளைத் தனித்தனி பட்டனா அனுப்பாது, ஜாய்ஸ்டிக் குச்சி மாதிரி அனுப்பும். ஒரு குச்சி ஒரே நேரத்துல இடமும் வலமும் சாய ஏலுமா? பட்டனா அனுப்புற அடாப்டர் போட்டு, ஸ்டெப்மேனியாங்கிற கொம்பியூட்டர் டான்ஸ் கேம்ல டெஸ்ட் இன்புட் பக்கத்தைத் திறந்து மிதிச்சுப் பாருங்க. ரெண்டும் சேர்ந்தே தெரியும்.

பண்டாரவளை ராஜா:
கதை நல்லாத்தான் இருக்கு தம்பி. விழாது. கொனாமி கம்பெனி 1998ல டான்ஸ் டான்ஸ் ரெவல்யூஷன் கேம் மெஷினை விட்டப்போ மேடையை ஏன் ரப்பர்ல செய்யல?

மஸ்கெலியா மச்சான்:
அது காசு போட்டு ஊரே ஏறி மிதிக்கிற மெஷின்! அந்த கேம் 1999ல பிளேஸ்டேஷனுக்கு வந்தப்போ வீட்டுக்கு மடக்குற பேட்டை வித்ததும் அதே கொனாமிதான்.

தலவாக்கலை தங்கச்சி:
விழுறது கிடக்கட்டும், சறுக்குதே? சிவப்பு சிமெந்துத் தரை. இந்தக் குளிர்ல சொக்ஸ் கழட்டவும் ஏலாது. ரெண்டாவது பாட்டு முடிய பேட் கதவடியில நிக்குது.

மஸ்கெலியா மச்சான்:
கீழ பிளைவுட் பலகை போட்டு, பேட் ஓரத்தை டேப்பால ஒட்டு தங்கச்சி. அசையாது. உள்ளுக்கு நுரை வச்ச பேட்னா கால் அம்பு மேல இருக்கா இல்லையான்னு பார்க்காமலே தெரியும்.

பண்டாரவளை ராஜா:
பலகையில ஒட்டினத எப்படிச் சுருட்டி அலுமாரி மேல போடுவ? பொய்யை யோசிச்சுச் சொல்லு.

மஸ்கெலியா மச்சான்:
டேப்தானே, ஆணியா அடிச்சேன்? உரிச்சுட்டு பலகையைக் கட்டிலுக்கு அடியில தள்ளுறேன். என் வீட்டுக்கு வந்து பார்த்தீங்களா?

டிக்கோயா கொழுந்து:
லயத்துல வீடெல்லாம் ஒட்டின வரிசை, சுவர் ஒண்ணுதான். ராத்திரி 9 மணிக்கு பலகை மேல குதிச்சா பக்கத்து வீட்டுக்கு இடி விழுற மாதிரி. எங்கம்மா விடியிறதுக்கு முந்தி எந்திரிச்சு கொழுந்து பறிக்க மலைக்குப் போறவங்க. அதை யாரும் பேசுறீங்களா?

மஸ்கெலியா மச்சான்:
நான் 6 மணியோட நிறுத்திருவேன். எங்க லயத்துல ஒருத்தரும் குறை சொன்னதில்ல.

டிக்கோயா கொழுந்து:
மூஞ்சிக்கு நேரா சொல்லியிருக்க மாட்டாங்க.

பண்டாரவளை ராஜா:
போன வருசம் இவன் எனக்கு வித்த கண்ட்ரோலர்ல இடது குச்சி தானா ஓடுது. இவன் பேச்சை நம்பி பேட் வாங்காதீங்க. இடது வலது சேர்ந்து விழாது.

மஸ்கெலியா மச்சான்:
தரும்போது நல்லாத்தான் இருந்துச்சு, நீங்களே அரை மணி நேரம் ஆடிப் பார்த்துத்தான் எடுத்தீங்க! ஞாயித்துக்கிழமை பேட்டோட பண்டாரவளைக்கு வாறேன். உங்க கண் முன்னால மிதிக்கிறேன்.

தலவாக்கலை தங்கச்சி:
அண்ணே, என்ன டேப்னு சொல்லவே இல்லையே?

பண்டாரவளை ராஜா:
வா. கண்ட்ரோலர் காசையும் எடுத்துட்டு வா.