பழைய ஆமி அதிகாரிகளின் சின்னங்கள்: கொழும்பில் உங்கள் கைக்கு வந்த கதை என்ன?

பித்தளைப்பித்தன், வெள்ளவத்தை:

சிலோன் காலத்து இராணுவ அதிகாரிகளின் தொப்பிச் சின்னம், தோள் நட்சத்திரம், பொத்தான் எல்லாம் சேர்க்கிறேன். கடையில் வாங்கினால் சாமான் மட்டும்தான் வரும், யார் போட்டது என்று தெரியாது. அதனால் வீடுகளைத்தான் தேடிப் போவது.

பம்பலப்பிட்டியில் ஓர் அன்ரி, கனடாவில் இருக்கும் மகனிடம் போவதற்காக வீட்டை ஒதுக்கிக்கொண்டிருந்தார். அவருடைய அப்பா சிலோன் லைட் இன்ஃபன்றி என்ற காலாட்படையில் மேஜராக இருந்தவர். அலுமாரி லாச்சியில், பழைய வேட்டித் துண்டில் சுற்றி, தோளில் குத்தும் கிரீடம் இரண்டு சோடி. மேஜருக்குத் தோளில் நட்சத்திரம் கிடையாது, கிரீடம் ஒன்றுதான்.

"எல்லாம் ஒன்றுதானே தம்பி, எதையாவது எடுங்கோ" என்றார்.

ஒன்றல்ல. ஒரு சோடியில் கிரீடத்தின் மேல்வளைவு குடை மாதிரி உருண்டு நிற்கிறது. மற்றதில் நடுப்பகுதி கொஞ்சம் உள்ளே பதிந்திருக்கிறது. முதலாவது ராஜா காலத்துக் கிரீடம். ஆறாம் ஜோர்ஜ் 1952இல் இறந்து எலிசபெத் வந்த பிறகுதான் மற்ற வடிவம் புழக்கத்துக்கு வந்தது. அப்படியென்றால் மனுஷன் அதற்கு முந்தியே மேஜராகியிருக்க வேண்டும் என்றேன்.

அன்ரி ஒத்துக்கொள்ளவில்லை. "1955இல் அன்ரன் முத்துக்குமாரு தளபதியாக வந்த பிறகுதான் அப்பாவுக்கு மேஜர் கிடைத்தது. தமிழர் தளபதி, அதனால்தான் கிடைத்தது என்று அம்மா சாகும்வரை சொன்னவ." முதல் இலங்கையர் தளபதி முத்துக்குமாருதான், அதில் சந்தேகமில்லை. மூத்த அதிகாரி யாராவது தன் பழைய சோடியை அப்பாவுக்குக் கொடுத்திருக்கவும் கூடும். அதையும் சொன்னேன். அன்ரி கிரீடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இல்லை, அம்மாதான் கதையைக் கொஞ்சம் அலங்கரித்திருக்கிறா போல" என்று சிரித்தார். ராஜா சோடியைத் தானே வைத்துக்கொண்டு ராணி சோடியை எனக்குத் தந்தார். எனக்கு மற்றதில்தான் கண். என்ன செய்ய!

கொட்டாஞ்சேனைப் பேரன்:

உங்கள் அன்ரி வீட்டில் லாச்சிக்குள் பத்திரமாக இருந்ததே பெரிய காரியம். என் தாத்தா சிலோன் கரிசன் ஆட்டிலறி என்ற பீரங்கிப் படையில் லெப்டினன்ட். 1942 ஏப்ரல் 5, ஜப்பான் விமானங்கள் கொழும்பில் குண்டு போட்ட அன்று துறைமுகப் பக்கம் கடமையில் இருந்தவர். அவருடைய உடுப்பும் சின்னங்களும் நாற்பது வருடம் ட்ரங்குப் பெட்டியில் கிடந்தன.

83 கலவரத்துக்குப் பிறகு அம்மம்மாவுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. சுற்றிவளைப்பு, வீட்டுச் சோதனை என்று ஓடிய நாட்கள். தமிழ் வீட்டில் ஆமிச் சின்னம் ஏன் இருக்கிறது என்று கேட்டால், அது வெள்ளைக்காரன் காலத்து ஆமி, போட்டவர் இந்த வீட்டு மனுஷன் என்று யார் நின்று சிங்களத்தில் விளக்குவது? உடுப்பை அடுப்பில் போட்டார். பித்தளை எல்லாம் பழைய சாமான் வாங்கும் போத்தல்காரனுக்கு நிறுவையில் போனது. இன்று தமிழ் அதிகாரிகளின் சாமான் ஏன் கிடைப்பதில்லை என்று கேட்பவர்களிடம் இதைத்தான் சொல்வேன். நிறைய வீடுகளில் இதே கதை.

தப்பியது ஒரே ஒரு பொத்தான். வெற்றிலைப் பையின் வாயை மூட அம்மம்மா அதைத் தைத்திருந்தார். பின்பக்கம் பர்மிங்ஹாம் என்று எழுத்து இருக்கிறது. இது அதிகாரி போட்டதா, சாதாரண சிப்பாய் போட்டதா? எப்படிக் கண்டுபிடிப்பது?

பித்தளைப்பித்தன், வெள்ளவத்தை:

பர்மிங்ஹாம் என்று இருப்பதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது, இரண்டு தரப்புக்கும் அங்கேயிருந்துதான் வந்தது. பொத்தானின் விளிம்பிலும் பின்வளையத்தின் அடியிலும் பொன்முலாம் மிச்சம் இருக்கிறதா என்று நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். இருந்தால் அநேகமாக அதிகாரியுடையது, அவர்கள் தங்கள் செலவில் நல்ல சாமானாகத் தைத்துக்கொள்வார்கள். வெறும் பித்தளை என்றால் சிப்பாய்க்குக் கொடுத்ததாக இருக்கலாம். தயவுசெய்து பிராசோ பொலிஷ் போட்டுத் தேய்க்க வேண்டாம்! மிச்சமிருக்கும் முலாமும் போய்விடும்.

தெஹிவளை ரவுண்ட்:

கடையில் வாங்குகிறவர்களுக்கு ஒன்று. போன மாதம் ஒருவர் 'பிளான்டர்ஸ் ரைபிள் கோர்ப்ஸ் (தோட்டத் துரைமாரின் தொண்டர் படை) அதிகாரியுடையது, தோட்டத்துத் துரை வீட்டிலிருந்து வந்தது' என்று ஒரு தொப்பிச் சின்னத்தை நீட்டினார். துரை, பங்களா, குதிரை எல்லாம் கதையில் வந்தது. திருப்பிப் பார்த்தேன். அச்சில் அடித்த பழைய சின்னத்துக்கு முன்பக்க மேடு பின்பக்கம் பள்ளமாகத் தெரியும். இது பின்னால் தட்டையாக, அம்மைத் தழும்பு போலக் குழி குழியாக இருந்தது. உருக்கி வார்த்த போலி. விலை கேட்காமலே திரும்பக் கொடுத்துவிட்டேன். அவர் அடுத்த ஆளிடம் துரை கதையைத் தொடங்கிவிட்டார்.

பித்தளைப்பித்தன், வெள்ளவத்தை:

அந்தத் துரை எனக்கும் அறிமுகம்!

புதிதாகத் தொடங்குகிறவர்கள் 1972உடன் நிறுத்திக்கொள்வது நல்லது. அந்த வருடம் குடியரசானதும் கிரீடம் போய் நாட்டின் இலச்சினை வந்தது. அதற்குப் பிந்தியது இன்றைக்கும் சேவையில் இருக்கும் இராணுவத்தின் சின்னம், கையில் வைத்துக்கொண்டு பதில் சொல்ல நேரலாம். உருமறைப்புத் துணி பக்கமே போக வேண்டாம்.

பேரன், பொத்தானின் இரண்டு பக்கத்தையும் படம் எடுத்துப் போடுங்கள். வெற்றிலைப் பையையும் சேர்த்து.