'எங்களுக்கு வேண்டிய ஆகாரம்': மத்தேயு 6:11-இல் உள்ள கிரேக்கச் சொல்லுக்கு என்ன பொருள்?

ஓய்வுநாள் பள்ளி அக்கா, பாளையங்கோட்டை:

சென்ற ஞாயிறு பிள்ளைகளுக்கு, இயேசு கற்பித்த பரமண்டல ஜெபத்தை வரி வரியாகச் சொல்லிக்கொடுத்தேன். "எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை இன்று எங்களுக்குத் தாரும்" என்ற இடத்தில் ஐந்தாம் வகுப்புப் பையன் எழுந்து, "அக்கா, எனக்குப் பரோட்டா வேண்டும். அதுதான் வேண்டிய ஆகாரமா?" என்றான். மற்ற பிள்ளைகள் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை, பதிலுக்குக் காத்து நின்றான். 'வேண்டிய' என்பது விரும்பியதையும் குறிக்கும், தேவையானதையும் குறிக்கும். அவன் கேட்டது நியாயம்தானே?

கிரேக்கத்தை எழுத்துக்கூட்டி வாசிக்கும் அளவுக்குக் கற்றிருக்கிறேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் மூலத்தில் 'எபியூசியோஸ்' என்று இருக்கிறது. அகராதி மூன்று பொருள் தருகிறது: அன்றாட, பிழைத்திருக்கத் தேவையான, நாளைக்குரிய. மூன்றாவதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. அதே அதிகாரத்தின் 34-ஆம் வசனம் நாளைக்காகக் கவலைப்படாதிருங்கள் என்கிறதே! நாளைய அப்பத்தை இன்றே கேட்கலாமா? அந்தப் பையனுக்கு நான் என்ன சொல்வது?

கிரேக்கம் கற்பித்தவன், மதுரை:

சகோதரிக்கு வணக்கம். அகராதிகள் தடுமாறக் காரணம் உண்டு. புதிய ஏற்பாட்டில் இந்தச் சொல் இரண்டே இடங்களில்தான் வருகிறது: மத்தேயு 6:11, லூக்கா 11:3. கிரேக்கர்களின் பேச்சிலோ நூல்களிலோ இது இல்லை, சுவிசேஷகர்களே ஆக்கிய சொல்லாக இருக்கலாம் என்று மூன்றாம் நூற்றாண்டிலேயே திருச்சபை அறிஞர் ஒரிகேன் எழுதிவிட்டார். அவருக்குத் தாய்மொழி போன்றது கிரேக்கம். அவருக்கே புதிதாக இருந்திருக்கிறது.

எகிப்தில் ஹவாராவில் கிடைத்த ஒரு செலவுக் கணக்குப் பாப்பிரஸில் இச்சொல் இருப்பதாக 1889-இல் வெளியிட்டார்கள். பிறகு அந்தத் தாள் எங்கே என்று தெரியாமல் போயிற்று. 1998-இல் யேல் பல்கலைக்கழக நூலகத்தில் கிடைத்தது. மறுபடி வாசித்தபோது அது 'எலாயூ', அதாவது எண்ணெய். கையில் இருந்த ஒரே வெளிச்சான்றும் போயிற்று.

ஆகவே வேர்ச்சொல்லை வைத்துத்தான் வாதம் நடக்கிறது. 'எபி'யோடு 'ஊசியா' (இருப்பு, உள்ளமை) சேர்ந்தது என்றால் 'உயிர் தரித்திருக்கத் தேவையான' என்று கொள்ளலாம். ஆனால் அப்படிச் சேரும்போது 'இ' கெட்டு 'எபூசியோஸ்' என்று வருவதே இயல்பு. 'எபியூசா' என்றால் வருகிற நாள். அப்போஸ்தலர் 16:11-இல் தமிழில் 'மறுநாளிலே' என்று இருப்பது இந்தச் சொல்தான். அதிலிருந்து 'வரும் நாளுக்குரிய' என்று கொண்டால் இலக்கணம் இடறாது. வேதாகமத்தில் சேராத பழைய நூலான எபிரேயர் சுவிசேஷத்தில் 'மாஹார்', அதாவது 'நாளை', என்று கண்டதாக, வேதாகமத்தை லத்தீனில் பெயர்த்த ஜெரோம் எழுதியிருக்கிறார். அப்படி எழுதியவரே லத்தீனில் மத்தேயுவில் ஒரு சொல்லும் லூக்காவில் வேறு சொல்லும் போட்டார். பழைய சிரியாக் மொழிபெயர்ப்பான பெஷித்தாவோ 'எங்கள் தேவைக்குரிய அப்பம்' என்கிறது. நம் 'வேண்டிய' அதற்குப் பக்கத்தில் நிற்கிறது. என் மனம் 'வரும் நாளுக்குரிய' என்பதன் பக்கம் சாய்கிறது.

உப்பளத்துப் பிள்ளை, தூத்துக்குடி:

அக்கா, எனக்குக் கிரேக்கம் தெரியாது. ஐயா எழுதியதை வாசித்ததும் அம்மாவின் நினைவு வந்தது. அம்மா உப்பளத்தில் நாள்கூலி. பொழுது சாயும்போது கூலி கைக்கு வரும். வரும் வழியில் கடையில் அரிசி வாங்குவாள். அந்த அரிசிதான் மறுநாள் விடியற்காலையில் உலையேறும். மிஞ்சியது தூக்குவாளியில் உப்பளத்துக்குப் போகும். இன்று வாங்கியது நாளைக்கு. மத்தேயு 20-இலும் திராட்சத்தோட்டக் கூலியைச் சாயங்காலத்தில்தானே கொடுக்கிறார்கள்? கூலி கிடைக்காத இரவில் அம்மா புரண்டு புரண்டு படுப்பாள். பானையில் அரிசி இருக்கும் இரவில் படுத்ததும் உறங்கிவிடுவாள். நாளைய அரிசியை இன்று கேட்பதும், நாளைக்காகக் கவலைப்படாமல் இருப்பதும் எனக்கு ஒன்றுக்கொன்று எதிராகத் தெரியவில்லை.

வசன ஒப்பீடு, நாகர்கோவில்:

வேரை மட்டும் தோண்டாதீர்கள், அக்கா. யாத்திராகமம் 16-இல், வனாந்தரத்தில் தேவன் தந்த ஆகாரமாகிய மன்னாவை அன்றன்றைக்கு வேண்டிய அளவுதான் சேர்க்கலாம். மீத்து வைத்தது புழுத்துப்போயிற்று. நீதிமொழிகள் 30:8 "என் படியை எனக்கு அளந்து" என்று தமிழில் எவ்வளவு அழகாக இருக்கிறது! பையனுக்குப் படி என்றால் புரியும். லூக்காவில் வினையும் மாறுகிறது: மத்தேயுவில் இருப்பது ஒருமுறை 'தாரும்', லூக்காவில் இருப்பது 'தந்துகொண்டே இரும்'. தமிழில் 'அன்றன்றும்' என்ற சொல் அந்த வேலையைச் செய்கிறது.

ஓய்வுநாள் பள்ளி அக்கா, பாளையங்கோட்டை:

ஐயாவுக்கும் தம்பிகளுக்கும் நன்றி. தூத்துக்குடித் தம்பி எழுதியதை என் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். எழுந்து போய்ப் பரணிலிருந்து பழைய பித்தளைப் படியை இறக்கித் துடைத்து வைத்துவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை அதையும் அரிசியையும் வகுப்புக்குக் கொண்டுபோகிறேன். பையனை அளக்கச் சொல்வேன். அவன் வீட்டில் ஐந்து பேர். நாளைக்கு எவ்வளவு வேண்டும் என்று அவனே சொல்லட்டும்.

ஐயா, இன்னொன்று: மூலத்தில் 'ஆர்ட்டோஸ்', அப்பம், என்றுதானே இருக்கிறது? தமிழில் அதை 'ஆகாரம்' ஆக்கியது சரியா? அதையும் அவன் கேட்பான்.