மிசோரி சண்டைய ஆரம்பிச்ச டால்மேட்ஜ் என்ன கேட்டார்?

கேள்வி:
அமெரிக்காவுல மிசோரிய அடிமை முறையோட மாநிலமா சேர்க்கலாமாங்கிற சண்டைய முடிச்ச 1820 மிசோரி சமரசம்னு எடுத்தாலே, அப்போ கீழ்சபைத் தலைவரா இருந்த ஹென்றி க்ளே பேர்தான் வருது, ஆனா பிரச்சனைய கிளப்பினது ஜேம்ஸ் டால்மேட்ஜ்ங்கிற நியூயார்க் காங்கிரஸ் உறுப்பினர்னு ஒரு வரி பார்த்தேன். எல்லா அடிமைகளயும் உடனே விடுதலை பண்ணச் சொன்னாரா?

பதில்:
இல்லங்க, அவ்ளோ கூட கேட்கல. 1819 பிப்ரவரில மிசோரிய மாநிலமாக்குற மசோதா வந்தப்போ, புதுசா அடிமைகள உள்ள கொண்டு வரக்கூடாது, மாநிலமான பிறகு அங்க பிறக்குற அடிமைக் குழந்தைங்களுக்கு 25 வயசுல விடுதலைன்னு திருத்தம் வெச்சார், அவ்ளோதான். ஏற்கனவே இருந்த சுமார் 10,000 பேர் அடிமையாவேதான் இருந்திருப்பாங்க. இதுக்கே அடிமை முறை இருந்த தெற்கு மாநிலத்துக்காரங்க கொதிச்சுட்டாங்க. ஜார்ஜியா மாநில உறுப்பினர் காப், நீங்க மூட்டின தீய ரத்தக் கடலாலதான் அணைக்க முடியும்னு மிரட்ட, டால்மேட்ஜ் உள்நாட்டுப் போர் வந்தா வரட்டும்னு சபையிலயே நேரா சொல்லிட்டார். படிக்கும்போதே சிலிர்க்குது!

பதில்:
ஓட்டு கணக்கயும் பாருங்க, திருத்தத்தோட முதல் பகுதி (புது அடிமைகளுக்குத் தடை) 87-76, ரெண்டாவது (குழந்தைங்க விடுதலை) 82-78. கீழ்சபைல பாஸாகி, மேல்சபையான செனட்ல தோத்துது. கட்சியெல்லாம் தாண்டி வடக்கு, தெற்குன்னு பிரிஞ்சு நின்னாங்க. 1818-ல இல்லினாய்ஸ் சேர்ந்தப்பவும், அடிமை முறைய அவங்க அரசியலமைப்பு சரியா தடுக்கலன்னு எதிர்த்தவர் இவர், அதனால இது திடீர்னு வந்த வேகம் இல்ல.

கேட்டவர்:
ரொம்ப நன்றி. சமரசம் நடந்தப்போ அவர் எங்க?

பதில்:
சபைலயே இல்ல, ஒரே டெர்ம்தான், 1819 மார்ச்சோட முடிஞ்சுது. அப்புறம் கீழ்சபைல ஜான் டெய்லரும் செனட்ல ரூஃபஸ் கிங்கும் மிசோரில அடிமை முறைய தடுக்கப் போராடினாங்க. கடைசில மிசோரி அடிமை மாநிலமாவே சேர்ந்துச்சு.