மூன்று சில்லுத் தள்ளுவண்டில் எங்கள் ஒழுங்கைக்குச் சரிவருமா? உதவி தேவை

கோண்டாவில் அம்மா:
எல்லோருக்கும் வணக்கம். மகளுக்கு 7 மாதம். பிடிக்காமல் தானாக இருக்கத் தொடங்கிவிட்டாள். அவளை வைத்துத் தள்ளிக்கொண்டு போக ஒரு வண்டில் தேவை. எங்கள் வீடு உள் ஒழுங்கையில். படலையில் இருந்து பெரிய வீதி வரைக்கும் கிரவலும் கல்லும்தான், நடுவில் ஒரு மதகு, போன மாரியில் வெள்ளம் நின்ற குழிகள் அப்படியே காய்ந்து கிடக்கின்றன. அதைத் தாண்டிவிட்டால் நல்ல தார் வீதி. பின்னேரத்தில் கோயிலடிக்கு, கடைக்கு, அம்மா வீட்டுக்கு என்று நடந்து போவதுதான் வேலை, இவ்வளவு நாளும் இடுப்பில் தூக்கிக்கொண்டு போய் நாரி நோகிறது.

இரண்டு வழி இருக்கிறது. யாழ்ப்பாணம் ரவுணில் ஒரு கடையில் நாலு சில்லு வண்டில் பார்த்தேன், குடை மாதிரி மடிகிறது, பாரமும் இல்லை, ஆனால் சில்லு சின்ன பிளாஸ்ரிக். கடை மாபிளில் வழுக்கிக்கொண்டு ஓடியது, ஒழுங்கையில் எப்படியோ தெரியாது. மற்றது, லண்டன் மச்சாள் தன் மகன் பாவித்த மூன்று சில்லு வண்டிலை நல்லூர்த் திருவிழாவுக்கு வரும்போது கொண்டுவந்து தருகிறேன் என்கிறா. பெரிய சில்லு, காற்றடிக்கிற ரயர். இவர் காலையில் கோட்டைப் பக்கம் ஓடப் போகிறவர், பிள்ளையையும் வைத்துத் தள்ளிக்கொண்டு ஓடலாம் என்று இப்பவே ஆசைப்படுகிறார். மாமிக்கு மட்டும் பயம், ஓட்டோ பிரண்டதைக் கண்ணால் பார்த்தவ, மூன்று சில்லு என்றாலே பிரளும் என்கிறா.

பிரளுமா? ரயர் ஒட்டுப் போனால் இங்கே செய்யலாமா? ஓட்டோவில் ஏற்றலாமா? பாவித்தவர்கள் சொல்லுங்கோ.

இணுவில் அக்கா:
தங்கச்சி, நீங்கள் சொல்கிற நாலு சில்லு மாதிரித்தான் எங்களிடம் இருந்தது. ஆஸ்பத்திரிக்குள், சுப்பர் மார்க்கெற்றுக்குள், ரெயினில் கொழும்புக்குப் போகும்போது எல்லாம் அதற்கு ஈடில்லை, ஒரு கையால் மடித்துக்கொண்டு ஏறலாம். ஆனால் கிரவலில் சின்னச் சில்லு ஒவ்வொரு கல்லிலும் முட்டி நிற்கும், நாங்கள் தள்ளுகிற வேகத்துக்குப் பிள்ளை முன்னுக்குக் குலுங்கும். பிறகு முன்பக்கத்தைத் தூக்கி, பின் சில்லில் உருட்டிக்கொண்டு போக வேண்டியதுதான். நாரி நோவுக்கு வண்டில் எடுக்கிற ஆளுக்கு அது மருந்தாகாது.

சைக்கிள் கடைக்காரன், திருநெல்வேலி:
தங்கச்சி, ரயர் கேள்விக்கு நான் சொல்கிறேன், என் தொழிலே அதுதான். இந்த வண்டில் பிறந்ததே சைக்கிள் சில்லில் இருந்து. 1984இல் அமெரிக்காவில் பில் பெக்லர் என்ற பத்திரிகைக்காரர் தன் கைக்குழந்தையோடு ஓடப் போவதற்காகச் சைக்கிள் சில்லுகளைப் பூட்டிச் செய்ததுதான் இந்த ஓட்ட வண்டில்களுக்கு ஆரம்பம். அதனால் பழுது பார்க்கவும் எங்கள் ஆட்களுக்குக் கஷ்டம் இல்லை.

மச்சாளிடம் ஒரு வேலை சொல்லுங்கள். ரயரின் பக்கத்தில் எழுத்துப் புடைத்திருக்கும், அதைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். 12½ x 2¼ என்று இருந்தால் யோசிக்கவே வேண்டாம், சின்னப் பிள்ளைகளின் 12 இஞ்சிச் சைக்கிளுக்குப் போடுகிற ரயரும் ரியூபும் அதேதான். சிலதில் 62-203 என்று இருக்கும், 203 என்பது ரயர் றிம்மில் உட்காருகிற இடத்தின் விட்டம், மில்லிமீற்றரில். இந்த இரண்டில் ஒன்று இருந்தால் எந்தச் சைக்கிள் கடையிலும் கேட்கலாம். வேறு ஏதாவது அளவென்றால், வரும்போதே இரண்டு ரியூப் அங்கிருந்து வாங்கிவரச் சொல்லுங்கள், மடித்து வைத்தால் ஒரு சட்டை அளவு இடம்தான்.

வால்வையும் பார்க்க வேண்டும். அனேகமான வண்டில்களில் மோட்டார்சைக்கிள் வால்வு மாதிரித் தடித்த வால்வுதான் வரும், எங்கள் பெரிய சைக்கிளுக்கு இருக்கிற வால்வு அல்ல. ஆகவே வீட்டுப் பம் தலை பொருந்தாமல் போனால் பயப்பட வேண்டாம், மோட்டார்சைக்கிள் ஒட்டுப் போடுகிற இடத்தில் அடிக்கலாம். ஆனால் கொம்பிறசர் குழாயை வைத்து அழுத்திக்கொண்டு நிற்கவிடாதீர்கள்! சின்ன ரியூப், ஒரு கண் மூடித் திறப்பதற்குள் நிரம்பி வெடிக்கும். எவ்வளவு அடிக்கலாம் என்று ரயரிலேயே போட்டிருக்கும், அதற்கு மேல் வேண்டாம். கைப் பம்தான் பத்திரம்.

இனி முள். உங்கள் ஒழுங்கையில் கிளுவை வேலி இருந்தால், வேலி வெட்டுகிற காலத்தில் கூட்டிவிட்டுத்தான் வண்டிலை இறக்குங்கள். புல்லுத் தரையில் நெருஞ்சி. இந்த இரண்டும்தான் எங்கள் பக்கத்தில் ரியூபுக்கு யமன். ரியூபுக்குள் விடுகிற ஒட்டுத் திரவம் இருக்கிறது, சின்ன ஓட்டையைத் தானே அடைக்கும். சில மூன்று சில்லு வண்டில்கள் காற்றில்லாத திண்ம ரயரோடு வருகின்றன, அதற்கு ஒட்டே இல்லை, ஆனால் கல்லில் குலுக்கம் கொஞ்சம் கூட. உங்கள் ஒழுங்கைக்கு நான் காற்று ரயர்தான் சொல்வேன்.

வடமராட்சியான்:
எல்லோரும் மூன்று சில்லுக்கு ஆதரவாகவே எழுதுகிறீர்கள், மற்றப் பக்கத்தையும் சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் ஒழுங்கை முழுக்க மணல். முன்சில்லு திரும்புகிற மாதிரி விட்டால் மணலில் குறுக்காகத் திரும்பிப் புதைந்துவிடும். நேராகப் பூட்டிவிட்டால் போகும், அதுவும் இல்லாத இடத்தில் நான் வண்டிலைத் திருப்பிப் பின்னால் இழுத்துக்கொண்டு போவேன், இரண்டு பெரிய சில்லும் முன்னுக்கு வந்தால் இலேசு. திருவிழாவுக்கு நல்லூர் வீதியில் மணல் பரப்புவார்கள் அல்லவா, அங்கேயும் இதே கதைதான், அதோடு அந்தச் சனத்துக்குள் பெரிய வண்டில் ஒருவருக்கும் உதவாது, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போங்கள்.

பாரம் இன்னொன்று. இந்த வகை அனேகமாக 10 கிலோவுக்கு மேல். விறாந்தைப் படியால் பிள்ளையோடு சேர்த்துத் தனியாள் தூக்க முடியாது. ஓட்டோவைப் பொறுத்தவரை, மடித்தாலும் பெரிய சில்லு இடம் பிடிக்கும். சில்லுகளைக் கழற்றக்கூடிய வண்டில் என்றால் சீற்றுக்குப் பின்னால் சட்டத்தை வைத்துச் சில்லுகளைக் காலடியில் போடலாம். கழற்ற முடியாதது என்றால் நான் எடுக்க மாட்டேன். கிழமையில் பல தரம் ஓட்டோவில் போகிற குடும்பம் என்றால் கடை வண்டிலையே எடுங்கள்.

கோண்டாவில் அம்மா:
நன்றி அண்ணா, நன்றி அக்கா. ஓட்டோ எப்போதாவது கிளினிக்குக்கு மட்டும்தான், மற்றதெல்லாம் நடை. மச்சாள் படம் அனுப்பினா: 12½ x 2¼, மூன்றும் ஒரே அளவு. பின்சில்லு பொத்தானை அமத்தினால் கழரும், முன்சில்லு ஒரு நெம்புப் பிடியால் கழரும். ஆனால் வீடியோவில் தள்ளிக் காட்டும்போது வண்டில் இடப்பக்கம் இழுக்கிறது, கொஞ்சம் வேகமாகப் போனால் முன்சில்லு படபடவென்று ஆடுகிறது. இது பழுதா? கொண்டுவர வேண்டாம் என்று சொல்லவா?

சைக்கிள் கடைக்காரன், திருநெல்வேலி:
அவசரப்பட்டு வேண்டாம் என்று சொல்லாதீர்கள். இடப்பக்கம் இழுப்பதற்கு முதல் காரணம் காற்று. பின்சில்லு இரண்டிலும் காற்று ஒரே அளவாக இல்லாவிட்டால் குறைந்த பக்கம் இழுக்கும், கன நாள் கராஜில் கிடந்த வண்டில் என்றால் அதுதான் இருக்கும். இரண்டிலும் சமமாக அடித்து, சமதரையில் வெறும் வண்டிலை இலேசாகத் தள்ளிக் கைவிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அப்பவும் இழுத்தால், சில்லுகளைக் கழற்றி அச்சைத் துடைத்து, கிளிக் என்று சத்தம் கேட்கும் வரை திரும்பப் பூட்ட வேண்டும், ஒரு பக்கம் முழுதாக இறங்காமல் இருந்தாலும் இப்படித்தான் போகும். சில வண்டில்களில் முன்சில்லுக்குப் பக்கத்தில் நேர் பார்க்கிற திருகி ஒன்று இருக்கும், சைக்கிள் சில்லை நேர் எடுக்கிற மாதிரிக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பலாம். இவ்வளவும் செய்தும் இழுத்தால் சட்டம் வளைந்திருக்கிறது, அதற்குப் பிறகு விட்டுவிடுங்கள்.

படபடப்பு வேறு. திரும்புகிற முன்சில்லு வேகத்தில் ஆடுவது உள்ளதுதான். அதற்காகத்தான் நேராகப் பூட்டுகிற பூட்டு வைத்திருக்கிறார்கள். பூட்டின பிறகும் ஆடினால் அந்தக் கவையின் ஆணி தளர்ந்திருக்கிறது.

ஸ்காபரோவில் இருந்து:
நான் மானிப்பாய், இப்போது கனடா. இரண்டு பிள்ளைகளையும் மூன்று சில்லில்தான் வளர்த்தேன், அதனால் மாமியின் பயத்துக்குப் பதில் சொல்கிறேன். கரடு முரடான நிலத்தில் முக்காலி ஆடாது, நாற்காலி ஆடும், அதே மாதிரி மூன்று சில்லும் எப்போதும் நிலத்தில் பதிந்திருக்கும், அதுதான் கிரவலில் அதன் பலம். ஆனால் மாமி சொல்வதிலும் உண்மை இருக்கிறது. முன்னுக்கு ஒரு சில்லுதான் என்பதால் முன் மூலைகள் இரண்டிலும் தாங்குவதற்கு எதுவும் இல்லை. வேகமாக வெட்டித் திருப்பினால், அல்லது ஒரு பின்சில்லு மதகு விளிம்பில் ஏறி மற்றது கீழே நின்றால் சரியும். மதகில் நேராக ஏறி நேராக இறங்குங்கள், சாய்வாக வேண்டாம். கைபிடியில் சந்தைப் பையைக் கொழுவவே கூடாது, பிள்ளையைத் தூக்கின உடனே வண்டில் பின்னுக்கு மல்லாந்து விழும். பாரத்தைக் கீழ்க் கூடையில் வையுங்கள்.

பழைய வண்டில் என்றால் இவற்றைக் கட்டாயம் பாருங்கள்: பட்டி தோள் இரண்டு, இடுப்பு இரண்டு, கால் நடு ஒன்று என்று ஐந்து முனையாக இருக்க வேண்டும், கொழுக்கி இழுத்தால் விடக்கூடாது. காற்பிறேக் போட்டு, சாய்வில் பாரத்தோடு வைத்துப் பாருங்கள். விரித்த பிறகு மடிப்புப் பூட்டு இரண்டு பக்கமும் விழுந்திருக்க வேண்டும், விரிக்கும்போதும் மடிக்கும்போதும் பிள்ளையின் விரல் கிட்டவே வரக்கூடாது. ஐரோப்பிய வண்டில் என்றால் இஎன் 1888 என்ற தர எண் ஒட்டியிருக்கும், அதன் முதற் பகுதி 15 கிலோ வரையான பிள்ளைக்கு, இரண்டாம் பகுதி 22 கிலோ வரை.

நெம்புப் பிடியால் கழருகிற முன்சில்லு என்று எழுதியிருக்கிறீர்கள், அதில்தான் எனக்குப் பயம். 2018இல் அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் இந்தக் காரணத்துக்காகவே ஓட்ட வண்டில் செய்கிற ஒரு பெரிய நிறுவனத்தின் மேல் நடவடிக்கை எடுத்தது, பிடி சரியாக இறுகாமல் முன்சில்லு ஓட்டத்தில் கழன்று பிள்ளைகளும் பெரியவர்களும் காயப்பட்டார்கள். நல்லதாக இறுக்கினால் பிரச்சினை இல்லை. ஒவ்வொரு முறையும், பிள்ளையை வைப்பதற்கு முதல், முன்சில்லைத் தூக்கி இழுத்துப் பாருங்கள். இதை வீட்டில் எல்லோருக்கும் பழக்கிவிடுங்கள்.

ஓட்டம் இப்போதைக்கு வேண்டாம். தயாரிப்பாளர்கள் 6 மாதத்துக்கு முதல் ஓடாதே என்பார்கள், சிலர் 8 மாதம் என்பார்கள், பிள்ளையின் கழுத்தும் முதுகும் குலுக்கத்தைத் தாங்க வேண்டும். கிளினிக்கில் டொக்டரிடம் கேட்டுவிட்டு, அதுவும் தார் வீதியில் மட்டும், முன்சில்லைப் பூட்டி, கைப்பட்டியை மணிக்கட்டில் போட்டுக்கொண்டு ஓடச் சொல்லுங்கள். பெரிய சில்லு இருப்பதெல்லாம் ஓடுவதற்குச் செய்ததல்ல, ஓடலாமா என்று கையேட்டில் எழுதியிருக்க வேண்டும்.

சுன்னாகம் தாதி:
வெயிலைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லை. சித்திரை, வைகாசியில் பிள்ளை வெயிலில் நித்திரையானால் மேலே சீலையைப் போட்டு மூடுகிற பழக்கம் எங்கள் ஆட்களிடம் இருக்கிறது, மெல்லிய சீலை என்றாலும் உள்ளே காற்று நின்று சூடு கூடும், பிள்ளையின் முகமும் தெரியாது. தயவுசெய்து செய்யாதீர்கள். கூரை நீளமாக வருகிற, பின்பக்கம் வலை வைத்த வண்டில் நல்லது. நடையை வெயில் சரிந்த பிறகு வையுங்கள், பிள்ளையின் கழுத்தைத் தொட்டுப் பாருங்கள், வேர்த்து நனைந்திருந்தால் நிழலுக்கு எடுத்துத் தூக்குங்கள். அப்புறம், இன்னும் நன்றாக இருக்கப் பழகாத பிள்ளைகளை வைத்திருக்கிறவர்கள் இதை வாசித்தால், இருக்கை முழுதாகப் படுக்கிற வண்டில்தான் உங்களுக்கு.

கோண்டாவில் அம்மா:
காற்று அடித்த பிறகு இழுவை நின்றுவிட்டது என்று மச்சாள் எழுதினா, பூட்டினால் ஆட்டமும் இல்லை. ஐந்து முனைப் பட்டி, தர எண் எல்லாம் இருக்கிறது. ஆகவே அதையே கொண்டுவரச் சொல்லிவிட்டேன், கூட இரண்டு ரியூபும். கடை வண்டிலை விடுகிறேன். கையேட்டில் ஓடலாம் என்று இல்லை, ஆகவே இவர் தனியாக ஓடட்டும். மாமிக்கு மதகு விசயத்தை வாசித்துக் காட்டினேன், நேராக ஏற்றி நேராக இறக்குவதென்றால் தானே தள்ளுவேன் என்கிறா. கடைசியாக ஒன்று: லீவுக்குக் காரைநகர்க் கசூரினாவுக்குக் கொண்டுபோகலாமா?

சைக்கிள் கடைக்காரன், திருநெல்வேலி:
கொண்டுபோங்கள், தண்ணீர்க் கரை வரை இறக்க வேண்டாம். உப்பும் மணலும் சேர்ந்தால் பெயரிங் போய்விடும், அச்சு துருப்பிடித்துச் சில்லு கழராது. வந்த அன்றே நல்ல தண்ணீரால் சில்லுகளைக் கழுவி, துடைத்து, வெயிலில் காயவிட்டு, அச்சில் ஒரு துளி எண்ணெய் விடுங்கள். மாரி முடிந்ததும் ஒருக்கால் கொண்டுவந்து காட்டுங்கள், ஆணிகளை எல்லாம் இறுக்கித் தருகிறேன்.