மூன்று தோல்விக்குள் கோட்டையைக் காக்க முடியுமா? ஸ்கில் சேலஞ்ச் அமைப்பது பற்றி

அகழிக்கரை எழுதியது:

எங்கள் வேலூர்க் குழுவுக்காக, 1806 ஜூலை 10 அன்று கோட்டையில் நடந்த சிப்பாய்ப் புரட்சியை வைத்து, ஆளுக்கொரு கதாபாத்திரமாகப் பேசிப் பகடை உருட்டி மேசையில் ஆடும் ரோல்பிளேயிங் ஆட்டம் ஒன்றை எழுதி வருகிறேன். ஆட்டக்காரர்கள் ஐவரும் சிப்பாய்கள். விடிவதற்கு முன் நடக்கும் தாக்குதலைச் சண்டை விதிகளே பார்த்துக்கொள்ளும். அதற்குப் பிறகுதான் சிக்கல் தொடங்குகிறது. கோட்டை கைக்கு வந்துவிட்டது, திப்புவின் கொடியும் ஏறிவிட்டது. இனி ஆற்காட்டிலிருந்து பிரிட்டிஷ் அதிகாரி கில்லெஸ்பியின் குதிரைப்படை வந்து சேர்வதற்குள் கதவுகளை அடைக்க வேண்டும், கொள்ளையில் இறங்கிச் சிதறும் ஆட்களைத் திரட்ட வேண்டும், வெடிமருந்தைப் பங்கிட வேண்டும், கோட்டைக்குள் வைக்கப்பட்டிருக்கும் திப்புவின் மகன்களில் ஒருவரையாவது தலைமையேற்கச் சம்மதிக்க வைக்க வேண்டும்.

இதற்கு டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தின் நான்காம் பதிப்பு 2008-ல் கொண்டுவந்த ஸ்கில் சேலஞ்ச் முறையைப் பயன்படுத்த நினைக்கிறேன். அதில் ஒவ்வொரு முயற்சிக்கும் கதாபாத்திரத்தின் திறனை வைத்துப் பகடை உருட்டி, வெற்றி தோல்விகளை எண்ணிக்கொண்டே போவார்கள். மூன்று தோல்விகள் சேர்வதற்குள் 12 வெற்றிகளைச் சேர்த்தால் கோட்டை நிற்கும். வாளெடுக்கத் தெரியாத கதாபாத்திரத்துக்கும் இதில் வேலை இருக்கிறது என்பதால்தான் இந்த முறை எனக்குப் பிடித்திருக்கிறது. நண்பர்களின் கருத்தை அறிய விரும்புகிறேன்.

பாலாற்றுமணல் எழுதியது:

கதை அருமை, கருவி தவறு என்பது என் கருத்து. முதலில் கணக்கைப் பாருங்கள். 20 முகப் பகடையில் 8 அல்லது அதற்கு மேல் விழுந்தால் வெற்றி என்று வைத்துக்கொண்டால், ஒவ்வோர் உருட்டுக்கும் 65 விழுக்காடு வாய்ப்பு உண்டு. அந்த நிலையில் மூன்று தோல்விக்குள் 4 வெற்றி சேர்ப்பதற்கு ஏறத்தாழ 65 விழுக்காடும், 6 வெற்றிக்கு 43 விழுக்காடும், நீங்கள் சொல்லும் 12 வெற்றிக்கு வெறும் 8 விழுக்காடும் வாய்ப்பு இருக்கிறது. ஐந்து பேரும் நன்றாகத்தான் ஆடியிருப்பார்கள். ஆனாலும் கோட்டை விழும், ஏன் விழுந்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

கணக்கை விட எனக்கு உறுத்துவது வேறொன்று. வெற்றியின் எண்ணிக்கை மட்டுமே பொருட்டு என்று தெரிந்தவுடன், ஆட்டக்காரர் காட்சியை விட்டுவிட்டு, கதாபாத்திரத்தின் திறன் எண்கள் எழுதிய தன் தாளைப் பார்க்கத் தொடங்குகிறார். உடல்வலுவில் கூடுதல் எண் வைத்திருப்பவர், இளவரசரைச் சம்மதிக்க வைக்கும் இடத்தில்கூட, “நான் ஒரு பீரங்கிக் குண்டைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டி அவர் மனத்தில் நம்பிக்கை ஊட்டுகிறேன்” என்பார். அவர் மீது குற்றமில்லை. அப்படி ஆடுவதுதான் அந்த விதிக்குள் புத்திசாலித்தனம்.

அகழிக்கரை எழுதியது:

நீங்கள் காட்டிய 8 விழுக்காடு, உதவியும் முன்னேற்பாடும் இல்லாத ஆட்டத்துக்கு உரியது. அதே பகடையில் 5 விழுந்தாலே வெற்றி என்று இலக்கு எண்ணைக் குறைத்தால், 12 வெற்றிக்கான வாய்ப்பு 45 விழுக்காட்டுக்கு ஏறிவிடுகிறது. அந்தப் பதிப்பை எழுதியவர்களும் இதைக் கவனித்திருக்கிறார்கள். முதல் அச்சில் 4 வெற்றிக்கு 2 தோல்வி, 12 வெற்றிக்கு 6 தோல்வி என்று இருந்ததை, அதே ஆண்டில் வெளியிட்ட திருத்தத்தில் எல்லா நிலைக்கும் மூன்று தோல்வி என்று மாற்றி, இலக்கு எண்களையும் இறக்கினார்கள்.

பீரங்கிக் குண்டு தூக்குகிறவரிடம், “அது இங்கே எடுபடாது” என்று சொல்ல, ஆட்டத்தை நடத்தும் கேம் மாஸ்டருக்கு வாய் இருக்கிறதே! என் கேள்வி வேறு. எண்ணிக்கையே வேண்டாமென்றால், சவால் எப்போது முடிகிறது என்பதை யார் தீர்மானிப்பது? கேம் மாஸ்டருக்குத் திருப்தி வரும் வரை உருட்டிக்கொண்டே இருப்பதா? நல்ல பேச்சு பேசுகிறவர் இரண்டே உருட்டில் தப்பித்துவிடுவார். பேசக் கூச்சப்படுகிறவர் ஏழெட்டு உருட்டுக்குப் பிறகும் அங்கேயே நிற்பார். எண்ணிக்கையை முன்கூட்டியே அறிவித்துவிட்டால் அந்த ஓரவஞ்சனைக்கு இடமில்லை.

காட்பாடி ஜங்ஷன் எழுதியது:

இருவரும் வெற்றியை எண்ணுவதைப் பற்றியே பேசுகிறீர்கள். எதிராளி என்ன செய்துகொண்டிருக்கிறான் என்பதை இன்னும் யாரும் எண்ணவில்லை.

அகழிக்கரை அண்ணா எடுத்துக்கொண்ட நிகழ்வே இதற்கு வழி காட்டுகிறது. அன்று விடியலுக்கு முன் தொடங்கிய கலகம், காலை ஒன்பது மணி வாக்கில் கில்லெஸ்பி வந்தவுடனேயே முடிந்துவிடவில்லை. கதவுக்கு மேலே மதிலில் எஞ்சியிருந்த வெள்ளைச் சிப்பாய்கள், தோட்டா தீர்ந்த நிலையிலும் அந்த இடத்தை விடாமல் வைத்திருந்தார்கள். அவர்களிடம் கில்லெஸ்பி கயிற்றைப் பிடித்து ஏறிச் சேர்ந்தார். உள்கதவை உடைப்பதற்குப் பின்னால் வந்த பீரங்கிகள் தேவைப்பட்டன. ஆக, ஆற்காட்டுக்குச் செய்தி போவது, குதிரைப்படை வருவது, பீரங்கி வருவது என்று மூன்று தனித்தனிக் கட்டங்கள் இங்கே இருக்கின்றன.

2017-ல் வெளிவந்த பிளேட்ஸ் இன் தி டார்க் ஆட்டத்தில் ‘கிளாக்’ என்றொரு வழக்கம் உண்டு. ஒரு வட்டத்தை நான்கு, ஆறு அல்லது எட்டுத் துண்டுகளாகப் பிரித்து, ஆபத்து நெருங்க நெருங்க ஒவ்வொரு துண்டாக நிரப்புவார்கள். ஆற்காட்டுப் படைக்கு எட்டுத் துண்டு வட்டம் ஒன்றை வரையுங்கள். ஆட்டக்காரர் தோற்றாலும் ஒரு துண்டு நிரம்பட்டும். நேரம் பிடிக்கும் வேலையைத் தேர்ந்தெடுத்தால், வென்றாலும் ஒரு துண்டு நிரம்பட்டும். அப்போதுதான் வெடிமருந்தைத் தேடுவதா, கதவுக்குப் போவதா என்ற தேர்வுக்கு எடை வரும். உங்கள் பழைய முறையில் எந்த வேலையை எடுத்தாலும் ஒரே விலைதான்.

பாலாற்றுமணல் எழுதியது:

வட்டம் வரைவதை நான் எதிர்க்கவில்லை. ஆனால் அதுவும் எட்டுத் தோல்விகளை அழகாக வரைந்து வைத்த எண்ணிக்கைதான் என்பதை மறக்க வேண்டாம். துண்டு நிரம்பும்போது மேசையில் என்ன மாறுகிறது என்று சொல்லத் தெரியாத கேம் மாஸ்டருக்கு வட்டமும் உதவாது.

நான் கேட்பது இதுதான்: ஒவ்வோர் உருட்டுக்குப் பிறகும், அது வெற்றியானாலும் தோல்வியானாலும், அதற்கு முன் இருந்த நிலைமை அப்படியே திரும்பி வரக் கூடாது. கதவையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவர் தாழ்ப்பாளைப் போட முயன்று தோற்கிறார். “ஒரு தோல்வி, அடுத்தவர் உருட்டுங்கள்” என்றால் காட்சி அங்கேயே செத்துவிடுகிறது. மாறாக, தாழ்ப்பாள் விழுந்துவிட்டது, ஆனால் வெளியே சாமான் மூட்டையோடு போன நம் ஆட்கள் பத்துப் பேர் வெளியிலேயே மாட்டிக்கொண்டு கதவைத் தட்டுகிறார்கள், மேலே மதிலில் இருக்கும் வெள்ளையர் அந்தச் சத்தத்தைக் கேட்டு எட்டிப் பார்க்கிறார்கள் என்று சொல்லுங்கள். அடுத்து உருட்டப் போகிறவர் தன் தாளைப் பார்க்க மாட்டார். கதவைத் திறப்பதா வேண்டாமா என்று பக்கத்தில் இருப்பவரோடு சண்டை போடுவார். சவால் என்று நான் நினைப்பது அந்தச் சண்டையைத்தான்.

இப்படி ஆடினால், எப்போது முடிகிறது என்ற கேள்விக்கும் கதைக்குள்ளேயே விடை கிடைக்கிறது. கதவு, ஆட்கள், மருந்து, இளவரசர் ஆகிய நான்கும் ஏதாவது ஒரு பக்கம் தீர்ந்துவிட்டால் சவால் முடிந்தது.

அகழிக்கரை எழுதியது:

அந்தக் கதவுக் காட்சியை அப்படியே எடுத்துக்கொள்கிறேன். ஆனால் நீங்கள் சொல்லும் முறை, ஒவ்வோர் உருட்டுக்கும் புதிதாக ஒரு திருப்பத்தைக் கண்டுபிடிக்கக்கூடிய கேம் மாஸ்டரை நம்பி நிற்கிறது. இரவு பத்து மணிக்கு, மின்விசிறி காற்றும் சூடாக வரும் வேலூர் மே மாதத்தில், பதினைந்தாவது உருட்டுக்கு என்னிடமிருந்து அப்படி ஒரு திருப்பத்தை எதிர்பார்க்காதீர்கள். களைத்துப்போன கேம் மாஸ்டரையும் தாங்கிப் பிடிப்பதற்குத்தான் விதி.

ஆகவே இப்படி மாற்றுகிறேன். 12 வெற்றி என்ற ஒரே குவியலை உடைத்து, நான்கு வேலைகளுக்கும் தலைக்கு இரண்டு வெற்றி என்று பிரிக்கிறேன். பொதுவான மூன்று தோல்வி கிடையாது; அதற்குப் பதிலாகக் காட்பாடித் தம்பி சொன்ன எட்டுத் துண்டு வட்டம். நான்காவது துண்டில் குதிரைப்படை கண்ணில் படும், எட்டாவதில் பீரங்கி கதவுக்கு வந்துவிடும். எந்தெந்த வேலை முடிந்திருக்கிறது என்பதைப் பொறுத்து முடிவு அமையும்: கதவு மட்டும் அடைபட்டிருந்தால் ஒரு முடிவு, இளவரசரும் சம்மதித்திருந்தால் வேறொரு முடிவு. வட்டம் எல்லோர் கண்ணுக்கும் தெரியும்படி மேசை நடுவில் இருக்கும்.

காட்பாடி ஜங்ஷன் எழுதியது:

மொத்தம் எட்டு வெற்றி, எட்டுத் துண்டு என்றால் 65 விழுக்காட்டு உருட்டில் நான்கு வேலையும் எளிதாக முடிந்துவிடும், அண்ணா. கொள்ளையில் சிதறிய ஆட்களைத் திரட்டுவதற்கு மட்டும், வென்றாலும் ஒரு துண்டு என்று வையுங்கள். அன்று சிப்பாய்களைக் கவிழ்த்ததில் அதற்குப் பெரும்பங்கு உண்டு.

பாலாற்றுமணல் எழுதியது:

பிரித்து வைத்தது நல்ல மாற்றம். வட்டத்தை மேசை நடுவில் வைப்பதில்தான் எனக்கு இன்னமும் உடன்பாடில்லை. மூன்று துண்டு மிச்சமிருப்பது கண்ணுக்குத் தெரிந்தால், ஐந்து பேரும் மூன்று உருட்டுக்குத் திட்டம் போடுவார்கள். ஆற்காட்டுச் சாலையில் எழும் புழுதியை மட்டும் நீங்கள் சொன்னால், அது எவ்வளவு தொலைவு என்று வாதாடுவார்கள். உங்கள் குழுவில் கணக்குப் போட்டு ஆடுகிறவர்கள் எத்தனை பேர், அண்ணா? அதைத் தெரிந்துகொண்டால்தான் இதற்கு மேல் நான் வாதாட முடியும்.